விரோதிகள் காலி செய்த பாதை

தானா ராத்தா அஞ்சல்,
கேமரன் மலை.
10.2.1983

தங்கை வடிவம்மாளுக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்த காலம் போதும். நான்கு வருஷம் ஒருவன் பேசாமல் இருந்தால், அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எனக்குச் சொல்ல இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை தங்கையாவும் குழந்தை பாஞ்சாலையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கோபத்துக்கும் ஒரு முறை உண்டு.

பாஞ்சாலைக்கு மூன்றாவது வயதில் காது குத்தியிருக்க வேண்டும். உன் அண்ணி அம்மாக்கண்ணு படுக்கையில் கிடந்ததால் தள்ளிப் போட்டோம். அவள் போய்ச் சேர்ந்தாள். ஈரம் காய்வதற்குள் நீங்கள் கம்போங் ராஜா வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனீர்கள். டவுன் ஆசை என்றார்கள். பிறகு திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரிக்கார நல்லுசாமி என்னிடம் சொன்னான்: "கிராணியாரே, செந்தூல்ல ஒங்க மருமவளப் பாத்தேன்லா. மொழுமொழுன்னு மொட்ட போட்டு அப்பன் தோள்ல குந்தியிருந்துச்சு."

நம் வீட்டில் முடி இறக்கினால் அன்றைக்கே காது குத்துவார்கள். காது குத்தும்போது குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அந்தத் தாய்மாமன் இங்கே மலையில் உயிரோடுதான் இருந்தான். அடுப்பு மூட்டாமல் ரொட்டியைத் தின்றுகொண்டு இருந்தான்.

யார் மடியில் உட்கார வைத்தீர்கள்? எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிய நான் பெரிய கிராணி காளியண்ணனுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகத் தேய்ந்ததைக்கூட யாரிடமும் சொல்லி அழவில்லை. அவன் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதை விடு. இதை என்னால் விட முடியவில்லை.

பதில் போட்டால் போடு. இங்கே பனி. அங்கே வெயில் அதிகம் என்றால் குழந்தைக்கு மோர் கொடு.

இப்படிக்கு,
சாம்பசிவம்

*

செந்தூல், கோலாலம்பூர்.
28.3.1983

அன்புள்ள அண்ணனுக்கு வடிவு வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் உறையைக் கொஞ்ச நேரம் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் பிரித்தேன். நாங்கள் சுகம். உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? குளிருக்குக் காலுறை போடுகிறீர்களா?

யார் மடியிலும் உட்கார வைக்கவில்லை. பாஞ்சாலையின் காது பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது. இதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள்.

அவள் இரண்டாம் வகுப்பு. உப்பு வாங்க அனுப்பினால் கடை வாசலில் நின்று சீனர் வீட்டுப் பூனையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். "எதுக்குடி போன?" என்றால், "போகச் சொன்னீங்கம்மா, போனேன்" என்கிறாள். டீச்சர் மூன்றாவது வார்த்தை சொல்வதற்குள் முதல் வார்த்தை போய்விடுகிறது. சோம்பேறி என்று பின் பெஞ்சில் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் எதையுமே மறந்ததில்லை. எப்படி அண்ணா? கேலியாகக் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
வடிவு

*

தானா ராத்தா.
5.4.1983

வடிவம்மாளுக்கு,

நலம். மூட்டுவலி இருக்கிறது. காலுறை போட்டிருக்கிறேன்.

காது குத்தவில்லை என்றால் மொட்டை எதற்கு? கேட்காதே என்கிறாய். சரி, கேட்கவில்லை. கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு மறப்பதில்லை என்றால் அது வரம் இல்லை, உழைப்பு. வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடக்கிற வழியில் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆபீசை ஒட்டிய தண்ணீர்க் குழாய் முடுக்கில் பழைய துரை நிற்கிறார். "கிராணிக்கு யோசனை வேண்டாம், எழுத்து போதும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆயாக்கொட்டகை வாசலில் வேலாயி. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அம்மாக்கண்ணுவைப் பார்த்துச் சிரித்தவள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் காளியண்ணன். சவுக்கு மரத்தடியில் மாப்பிள்ளை தங்கையா. வருத்தப்படாதே, அவருக்கும் இடம் உண்டு.

ஒவ்வொருவரையும் தாண்டும்போது அவர் சொன்னதை வாய்விட்டுச் சொல்வேன். நாலடி தள்ளி இன்னொரு முறை. சாயங்காலம் திரும்பும்போது கடைசியிலிருந்து. வருஷக்கணக்காக இப்படி நடந்தால் எப்படி மறக்கும்?

உன் மகளுக்கு நோய் ஒன்றும் இல்லை. கவனம்தான் இல்லை. தொலைக்காட்சியை மூடச் சொல்.

சாம்பசிவம்

*

செந்தூல்.
19.6.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நல்லுசாமி பார்த்த மொட்டை சாமிக்கு இறக்கிய முடி இல்லை. தானாகக் கொட்டியது. தலையணையெல்லாம் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பாஞ்சாலைக்கு ரத்தத்தில் புற்று என்றார்கள். ஊசி போட்ட இடத்தில்கூட ரத்தம் நிற்காத பிள்ளைக்குக் காது குத்த யார் நினைப்பார்கள்? நாங்கள் மலையை விட்டு வந்தது டவுன் ஆசையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வந்தோம். மூன்று வருஷம் மருந்து. தலைக்குக் கதிர்க் கரண்டும் வைத்தார்கள்.

அண்ணியைக் கொண்டுபோனதும் அதே பெயர்தான். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அந்தப் பெயரை இன்னொரு முறை நான் எப்படி அனுப்புவேன்? என்மேல் கோபமாக இருந்தால் அண்ணன் அந்தக் கோபத்திலாவது எழுந்து வேலைக்குப் போவார் என்று நினைத்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நோய் இல்லை. மருந்தை நிறுத்தி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உயிரைக் காப்பாற்றிய வைத்தியமே அவளுடைய கவனத்திலும் ஞாபகத்திலும் கொஞ்சம் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது, அவள் சோம்பேறி இல்லை என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. நோயின் பெயர் தெரிந்தால் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார விடுவார்களா? போன வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "வருஷக் கடைசியில நானே ஒரு தடவ சோதிச்சுப் பாப்பேன்மா. சொன்னது மண்டையில நிக்கலன்னா வேற எடம் பாத்துக்குங்க. எனக்கும் மத்த புள்ளைங்க இருக்குலா" என்றார். அப்போதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரல் தணிந்தது. கெடு மாறவில்லை.

ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் புவான் ஸலேஹா என்கிற மலாய்க்கார அம்மா அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொஞ்சம் விட்டு மறுபடி சொல்ல வேண்டும். பழகிய இடத்தோடு சேர்த்துக் கட்டிப் போட வேண்டும். களைத்தால் நிறுத்திவிட வேண்டும். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து மலாயில் சொன்னேன். அந்த அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "உங்க அபாங், அந்த அண்ணன் எங்க படிச்சார்? நான் சொல்லிக் குடுக்குறதும் இதுதான்லா! எனக்கு இந்தப் பிள்ளை வாரத்துல ஒரு நாள்தான். அவரை எழுதச் சொல்லுங்க" என்றார்.

எழுதுவீர்களா அண்ணா?

வடிவு

*

தானா ராத்தா.
24.7.1983

வடிவுக்கு,

உன் கடிதம் ஜூன் கடைசியிலேயே கிடைத்துவிட்டது. பதில் தாமதம். இங்கே மழை விடவில்லை. கொழுந்து சீக்கிரம் வாடாததால் தொழிற்சாலையில் வேலை கூடுதல். கொழுந்துக் கணக்கில் நான் தப்பு விட்டதைக் காளியண்ணன் பார்த்துவிட்டான். "என்னாச்சு சாம்பு, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றான். தேயிலைத் தூசி என்றேன். நம்பின மாதிரி போய்விட்டான்.

மோர் கொடு என்று எழுதியிருந்தேன். கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேள்.

ஆகஸ்டு விடுமுறைக்குப் பாஞ்சாலையை இங்கே அனுப்பு. புவான் ஸலேஹா சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. மாப்பிள்ளையைச் சவுக்கு மரத்தடியிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்.

இத்துடன் குழந்தைக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு ஒளித்து வை.

அண்ணன்

*

மருமகள் பாஞ்சாலைக்கு மாமா எழுதுவது.

நன்றாகச் சாப்பிடுகிறாயா? பல் எத்தனை விழுந்தது?

உங்கள் வீட்டில் நடப்பது உனக்குத் தெரியாது. வாசற்படியில் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கிறது. அடுப்பு மேல் உன் அப்பாவின் லோரி நிற்கிறது. பாயில் எங்கள் பெரிய கிராணி காளியண்ணன் படுத்துக் குறட்டை விடுகிறார். சாயங்காலம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அவரவர் அங்கே இருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுது.

மாமா

*

7.8.1983

மாமாவுக்கு பாஞ்சாலை எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. பல் ஒண்ணு ஆடுது.

வாத்து இருக்கு. அடுப்பு மேல என்னா இருந்துச்சுன்னு மறந்து போச்சு. அடுத்த நாளும் போச்சு. அழுதேன். அம்மா அடுப்புகிட்ட போய் நின்னு பாருடின்னாங்க. நின்னேன். லோரி வந்துருச்சு. பாயில ஒருத்தர் குறட்டை விடுறார். யாருன்னு தெரியல. நீங்களா?

பாஞ்சாலை

*

தானா ராத்தா.
21.8.1983

வடிவுக்கு,

குழந்தை சுகம். குளிரில் கன்னம் சிவந்திருக்கிறது. நான் வடிக்கும் குழைந்த சோற்றைக் குறை சொல்லிக்கொண்டே நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வந்த மறுநாள் என் வழியில் கூட்டிக்கொண்டு நடந்தேன். குழாய் முடுக்கில் நின்றாள்.

"இங்க யாரு மாமா?"

"பழைய துரை."

"என்னா பண்ணுறாரு?"

"என்னையத் திட்டுறாரு."

"எப்பத் திட்டுனாரு?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடி."

"அப்பருந்து இங்கயே நிக்கிறாரா? கால் வலிக்காது அவருக்கு?"

துரையை அங்கேயே விட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் அவளுடைய பாடங்களை வைக்க இடம் வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினால் குழம்பிவிடும் என்று புவான் ஸலேஹா சொல்லியனுப்பியிருக்கிறார். அதனால் குடியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கிளப்பினேன். துரை போன இடத்துக்கு இரண்டாம் வாய்ப்பாடு வந்தது. ஆயாக்கொட்டகை வாசலில் வேலாயி இருந்த இடத்தில் மலாய்க் கிழமைப் பெயர்கள் வந்து உட்கார்ந்தன. வேலாயியே அவளுக்கு வேகவைத்த சோளம் கொடுத்துக் கிழமைகளைக் கேட்கிறாள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

எல்லா நாளும் இப்படி இல்லை. வியாழக்கிழமை தலைவலி என்று வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் வைத்தது எதுவும் இல்லை. "எல்லாம் போச்சு மாமா" என்று தேயிலைச் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவசரப்பட்டு இரண்டு பாடத்தை ஒரே நாளில் திணித்திருந்தேன். தூக்கிக்கொண்டு வந்து தூங்க வைத்தேன். மறுநாள் ஒன்றே ஒன்றுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் காளியண்ணன் என்னைப் பார்த்ததும், "ஏன்யா சாம்பு, நான் ஒங்க தங்கச்சி வீட்டுப் பாயில படுத்துக் கொறட்ட விடுறேனாமே? பாப்பா சொல்லுது" என்றான். வேலாயி கூடையை இறக்காமலே, "நெசந்தானே பெரிய கிராணி. லயத்துல ஒரு வீடு தூங்க மாட்டேங்குதே" என்றாள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு பாஞ்சாலையைக் கூப்பிட்டான். "பாப்பா, ஆபீசுல துரைகிட்டப் போயி, சாக்கு பத்தல, லோரி டயர் பஞ்சர், மேல்மலையில மழைன்னு சொல்லணும். சொல்லிருவியா?"

"ஒண்ணு போதும் காளியண்ணே" என்றேன்.

"நீ சும்மா இருய்யா. புள்ள போவட்டும்."

போனாள். நான் செடிகளுக்குள் மறைந்து மறைந்து பின்னால் போனேன். ஆயாக்கொட்டகையில் நின்று, கிழமைகளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சாக்கை வைத்தாள். சவுக்கு மரத்தடியில் லோரியை நிறுத்தினாள். குழாய் முடுக்கில் மழையை விட்டாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாய்க்குட்டி குறுக்கே வந்தது. குனிந்து தடவினாள். நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. போய்விட்டது என்று தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன்.

அவள் அழவில்லை. திரும்பி ஆயாக்கொட்டகை வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று பார்த்தாள். அங்கிருந்து ஒவ்வோர் இடமாக மறுபடி புறப்பட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வடிவு. போனதைத் தேடி எங்கே போக வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

இப்போதைய மலாய்க்காரத் துரை முன்னால் நின்று மூன்றையும் மலாயில் சொன்னாள். நான் போட்ட கூச்சலில் துரை வெளியே வந்துவிட்டார். விஷயம் கேட்டுக் காளியண்ணன் கொட்டகை மணியை அடி அடியென்று அடித்தான். வேலை முடிந்தது என்று நினைத்து மலை முழுக்கப் பெண்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நீயும் மாப்பிள்ளையும் வாருங்கள். வரும்போது டாக்டரிடம் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வா.

அண்ணன்

*

செந்தூல்.
20.11.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

காது குத்தின அன்றைக்கு உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு அவள் கடித்த கை ஆறிவிட்டதா? இவருக்கு அந்த நாள் பேச்சு இன்னும் ஓயவில்லை. "மச்சான் வலியில கத்தல, சந்தோசத்துல கத்துறாரு" என்று லோரி ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் பார்த்தார். நான் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டேன். "நாலாம் வகுப்புல சாக்கட்டி, அஞ்சாம் வகுப்புல வருகைப் பதிவேடு, ஆறாம் வகுப்புல பூகோளப் படம், வாங்கிட்டு வா" என்று கடகடவென்று சொன்னார். பாஞ்சாலை நகரவில்லை. என் உயிர் போய் வந்தது.

"சார், வேகமாச் சொன்னா எனக்கு நிக்காது. ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, நான் வச்சிக்கிறேன்" என்றாள்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தாள். போனாள். நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது கையில் சாக்கட்டி, கக்கத்தில் பதிவேடு, தோளில் சுருட்டின படம். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "இது ஒங்களதாம் சார். அஞ்சாம் வகுப்புலயே மறந்துட்டீங்களாம்."

அண்ணா, அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார். முன் பெஞ்சு. எல்லா டீச்சரும் அவளுக்கு ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

கணக்கில் மார்க்கு இன்னும் குறைவுதான். களைப்பு இருக்கும், பயிற்சி இன்னும் பல வருஷம் வேண்டும் என்கிறார் புவான் ஸலேஹா. இருக்கட்டும். பஸ்ஸில் வரும்போது யாரைப் பார்த்தாலும் "என் மகள் மூணாம் வகுப்பு" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸாகிவிட்டால் மாமா எழுதுவதை நிறுத்திவிடுவாரா என்று உங்கள் மருமகள் கேட்கிறாள்.

வடிவு

*

4.12.1983

மூன்றாம் வகுப்புக்குப் போகிற பெண்ணுக்கு,

இதை நீயே படி. அம்மாவிடம் கொடுக்காதே. நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

மலையில் எல்லாரும் சுகம். உன் வெற்றிச் செய்தி வந்த அன்று ஆபீசில் ஒருவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பாதிப் பேர் குடிக்கப் பயந்தார்கள்.

நீ இங்கே இருந்தபோது ஒரு நாள் கியா பார்ம் சந்தையில் நல்ல காற்று. ஒருவருடைய தொப்பி பறந்து போய் ஸ்ட்ராபெரித் தட்டில் விழுந்தது. அதைப் பிடிக்கப் போய் தட்டையே கவிழ்த்துவிட்டார். "இத்தன வயசாச்சு, கண்ணு எங்கலா வச்சிருக்கே?" என்று கடைக்காரி ஊர் கேட்க ஏசினாள். நீ அவர் கையைப் பிடித்து இழுத்து, "இந்தம்மாவ எந்த எடத்துல நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டாய். அவர் வழி முழுக்க யோசித்துப் பார்த்தார். குழாய் முடுக்கில் வாய்ப்பாடு இருந்தது. ஆயாக்கொட்டகையில் கிழமைகள். சவுக்கு மரத்தடியில் மலாய்ப் பாட்டு. "எங்கயும் எடம் இல்ல" என்றார். பஸ் வருகிற வரைக்கும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவரும் சிரித்தார். ஏச்சு வாங்கிவிட்டு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உன் தலைமையாசிரியரை மட்டும் அவர் ஜூன் மாதத்திலிருந்து தொழிற்சாலைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்திருந்தார். கண்ணாடி விஷயம் கேட்ட பிறகு அந்த மனிதரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தப் படிக்கட்டு இப்போது காலி. மூன்றாம் வகுப்பில் பாடங்கள் நிறைய, உனக்கு அது வேண்டியிருக்கும்.

இது யாருடைய கடிதம் என்று அம்மாவைக் கேட்காதே. உறையின் மேல் முகவரியை வேறொருவரை எழுதச் சொன்னேன். கம்போங் ராஜா வரை பஸ்ஸில் போய் அங்கே போடப் போகிறேன், முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கீழே பெயர் எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். பிறகு எடுத்துவிட்டேன். மறந்துவிடுவார்களோ என்ற பயம் இருப்பவன்தான் பெயர் போடுவான். உன் விஷயத்தில் எனக்கு அந்தப் பயம் இல்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.